ஒரு முகம், இருபது விரல்

உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடி.
போன வருஷம், ஒரு ஞாயிறு இரவு.
கண்ணாடிக் கதவு எனக்குப் பின்னால் மூடியது.
முன்னால் திறக்கவில்லை.
கையில் ஜொகூரில் வாங்கிய மூன்று கிலோ வெங்காயம்.
கேமரா என் முகத்தைப் பார்த்தது,
எனக்கே தெரியாத எதையோ
தெரிந்துகொண்டதுபோல.

அறைக்குள் சார்ஜன்ட் நூர்ஹாயாத்தி
டிஷ்யூ நீட்டினார்.
"விரல் ஈரமாக இருக்கிறது, அங்கிள். துடைத்துக்கொள்ளுங்கள்."
பன்னிரண்டு வருஷமாக
ஈசூன் முனையத்திலிருந்து பேருந்து ஓட்டுகிறேன்.
ஸ்டியரிங்கில் பழகிய கை
அந்தச் சின்னக் கண்ணாடித் தகட்டில் நடுங்கியது.
வலது பெருவிரல். இடது பெருவிரல்.
பிறகு பத்தும்.

நாற்பது நிமிடம்.
அடுத்த அறையில் யாரோ மைலோ கலக்கும் சத்தம்.

"மன்னிக்கவும், மிஸ்டர் தவசீலன். நீங்கள் இல்லை."
நான் இல்லை என்பதை
அவ்வளவு மரியாதையாக யாரும் சொன்னதில்லை.
அப்புறம் கேட்டார்:
"கூடப்பிறந்தவர் இருக்கிறாரா?"
விடை ஏற்கெனவே திரையில் இருந்தது.
கேள்வி வெறும் நாகரிகம்.

குணசீலன்.
ஏழு நிமிடம் மூத்தவன்.
அவன் செய்ததற்கு நானும்
நான் செய்ததற்கு அவனும்
பள்ளியில் பிரம்படி வாங்கியிருக்கிறோம்,
எந்த ஆசிரியருக்கும் தெரியாமல்.
ஒரே கருவறை, ஒரே நீர்.
விரல்நுனியில் மட்டும்
அப்போதே தனித்தனியாகச் சுழித்துக்கொண்டோமாம்.
நாற்பத்தாறு வயதில்
ஓர் இயந்திரம் சொல்லித்தான் தெரிந்தது.

தோ பாயோவில் ஓர் அடகுக் கடை.
இரவுக் காவலர் திரு. கோ.
ஓர் இரும்புக் கம்பி.
அவருக்கு ஒரு கண் போயிற்று.
கேமராவில் எங்கள் முகம்.
கம்பியில் அவன் விரல்.

கைநாட்டு என்றால் எழுதத் தெரியாதவன் என்று சிரித்தோம்.
இப்போது படித்தவனும் கைநாட்டு, படிக்காதவனும் கைநாட்டு.
இருக்கட்டும்.
அந்தப் பட்டியல் இல்லாதிருந்தால்
இந்த முகத்துக்கு நான்தான் கைதி.
அதை மறக்க மாட்டேன்.
ஆனால்
பதினைந்து வயதில், எந்தத் தப்பும் செய்யாமல்
வரிசையில் நின்று கொடுத்த விரல்
முப்பத்தொரு வருஷம் எங்கோ உறங்காமல் கிடந்து
என்னை விடுவித்த அதே நொடியில்
அவனைக் காட்டிக்கொடுத்தது.
இரண்டில் ஒன்றைக் கழித்தால் மிச்சம் அவன்.
தானாடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்கள்.
என் சதை ஆடவில்லை.
சாட்சி சொன்னது.

இப்போது சாங்கியில் இருக்கிறான்.
பார்க்கப் போனால்
கண்ணாடிக்கு இரு புறமும் நான்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

மகள் யாழிசைக்குக் கடிதம் வந்திருக்கிறது.
பதினைந்தாகிறது, அடையாள அட்டைக்குப் பதிய வேண்டும்.
"போனுக்குத் தினமும் முகம் கொடுக்கிறேன்,
அரசாங்கத்துக்குக் கொடுத்தால் என்னப்பா?"
போன் உன்னைக் கைதுசெய்யாது என்று சொல்லலாம்.
போன் உன்னை விடுவிக்கவும் செய்யாது என்றும் சொல்லலாம்.
இரண்டையும் விழுங்கிவிட்டு
நாட்காட்டியில் தேதியை வட்டமிட்டேன்.

நேற்றுக் காலை, லோரோங் எட்டு நிறுத்தம்.
கறுப்புக் கண்ணாடி போட்ட பெரியவர்
ஒரு கால் படியில், அட்டையைத் தட்டப் போனவர்
என்னைப் பார்த்தார்.
மிச்சமிருக்கும் கண்ணால்.

தட்டாமலே பின்வாங்கி இறங்கினார்.
வரிசை முணுமுணுத்தது.
அவருக்குள்ளும் ஒரு பட்டியல் இருக்கிறது,
அதில் முகம் மட்டும்தான்.
கதவை மூடாமல்
வலது கையை ஸ்டியரிங்கிலிருந்து எடுத்து
பெருவிரலைத் தூக்கிக் காட்டினேன்,
ரேகை அவருக்குத் தெரியும்படி.

அது
'எல்லாம் நலம்' என்று சொன்னதாக ஆகிவிட்டது.